ஜன்னலா, மண்ணா?

(புதூரில் கட்டடத் தொழிலாளர்களும் வீட்டுக்காரர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் ஆசாரிமார் இருக்கிறீர்கள், கொத்தனார்கள் இருக்கிறீர்கள். நான் பேசப்போவதில் பாதி உங்களைப் போன்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். எங்கேயாவது தவறாகப் பட்டால் நடுவிலேயே நிறுத்திக் கேளுங்கள், கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

"வீட்டு ஜன்னலை எப்போது மாற்றுவது?" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டால் "இப்பவே மாத்திருங்க" என்பார். அவர் பிழைப்பு அது, குறை சொல்ல வரவில்லை. கதவு இறுகுகிறது, இடுக்கு வழியாகக் காற்று வருகிறது, கண்ணாடி அதிர்கிறது என்று அவர் அடுக்குகிற காரணங்கள் பெரும்பாலும் குளிர் நாடுகளிலிருந்து வந்தவை. அங்கே வீட்டுக்குள் மூட்டிய சூடு இடுக்கு வழியாக வெளியே போனால் காசு போகிறது. புதூரில் யார் வீட்டில் கணப்பு எரிகிறது? மாசி பிறந்துவிட்டால் காற்று வராதா என்று நாம்தான் ஜன்னலோரம் பாயை விரிக்கிறோம்.

ஆகவே நம் ஊருக்கு நம் கணக்கு வேண்டும். கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், நாகலாபுரம் என்று இந்தக் கரிசல் பரப்பில் ஒரு ஜன்னல் சரியாக மூடவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கெட்டுப்போனது ஜன்னலா, அதற்குக் கீழே இருக்கிற மண்ணா? இதைக் கேட்காமல் மாற்றியவர்கள் மூன்று வருஷம் கழித்துப் புது ஜன்னலையும் தட்டித் தட்டி மூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கரிசலை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மழை நின்று நாளான பிறகும் மானாவாரிப் பாசியும் உளுந்தும் பச்சையாக நிற்கிறதென்றால் மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பிடிப்புக்குக் காரணம் மாண்ட்மோரில்லனைட் என்கிற களிமண் கனிமம். ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு அதற்கு. ஏடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். சித்திரையில் காட்டு வெடிப்புக்குள் கையை விட்டுப் பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் இருக்க முடியாது. காட்டில் கிடக்கிறவரை அந்தக் குணம் நமக்குச் சோறு போடுகிறது. வீட்டுக்கு அடியில் கிடக்கும்போது அதே குணம்தான் சுவரை அசைக்கிறது.

இந்த மேஜைமேல் இரண்டு அளவுக் குழாய்கள் இருக்கின்றன பாருங்கள். இரண்டிலும் பத்துப் பத்து கிராம் சலித்த மண், இந்தத் தெருவில் எடுத்ததுதான். ஒன்றில் 100 மில்லிக் கோடுவரை தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். ஐ.எஸ். 2720 என்ற இந்தியத் தரநிலையின் 40ஆம் பகுதி சொல்கிற சோதனை இது. மண்ணெண்ணெயில் இந்த மண் உப்பாது, தண்ணீரில் உப்பும். 24 மணி நேரம் கழித்து இரண்டிலும் மண் எந்தக் கோடுவரை நிற்கிறது என்று பார்க்க வேண்டும். மண்ணெண்ணெயில் 10 மில்லியும் தண்ணீரில் 16 மில்லியும் நின்றால் உப்பல் 60 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே அஸ்திவாரத்தில் கவனம் வேண்டும் என்பது பொறியாளர்களின் வழக்கம். குழாய்களை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன், நாளை இந்நேரம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். வீடு கட்டப்போகிறவர்கள் அவரவர் மனை மண்ணையும் கொண்டுவந்து போட்டுப் பார்க்கலாம்.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டின் நடுப்பகுதி மண்ணுக்குத் தரை ஒரு மூடி. வெயிலும் மழையும் அங்கே நேராகப் படுவதில்லை, வருஷம் முழுக்க ஈரம் ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கிறது. வெளிச்சுவருக்கு அடியில் உள்ள மண் அப்படியில்லை. கோடையில் ஓரம் காய்ந்து சுவரின் மூலைகள் இறங்கும். ஐப்பசியில் ஓரம் முதலில் நனைந்து மூலைகள் ஏறும். குளிக்கிற தண்ணீரை ஒரு பக்கச் சுவரோரம் விட்டு, இன்னொரு பக்கம் வேப்பமரத்தை நட்டு வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அங்கே ஒரு பக்கம் எப்போதும் உப்பல், மறுபக்கம் வேர் உறிஞ்சி எப்போதும் சுருக்கம். நடுவில் நிற்கிற சுவர் என்ன செய்யும்?

கிழியும். எங்கே கிழியும் என்றால் ஜன்னல் மூலையில். சாக்கில் கொக்கி போட்டுத் தூக்கினால் அந்த ஓட்டையிலிருந்துதானே கிழிசல் ஓடுகிறது? சுவரில் நாம் வைத்த ஓட்டை ஜன்னல். அதன் மேல் மூலையிலிருந்து சாய்வாகக் கூரையை நோக்கி ஒரு விரிசல், கீழ் மூலையிலிருந்து சாய்வாகத் தரையை நோக்கி ஒரு விரிசல். இந்தச் சாய்வு விரிசல் இருந்தால் ஜன்னலைப் பற்றிப் பேசுவதை அப்போதைக்கு நிறுத்திவிடுங்கள்.

எல்லா இறுக்கமும் மண்ணால் வருவதில்லை. இந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் வேர்பிடிக்க இங்குள்ள வறண்ட காற்று ஒரு முக்கியக் காரணம், குச்சி சீக்கிரம் காயும். அதே காற்றில் ஜன்னல் மரமும் வருஷத்தில் பல மாதம் காய்ந்து ஒடுங்கிக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் ஏறினால் ஊதுகிறது. "மழைக்கு இறுக்குனது தைக்கு விட்டுரும், உளியத் தொடாதீங்கய்யா" என்று ஒரு பெரிய ஆசாரி சொல்வார். அவசரப்பட்டு மழைக்காலத்தில் இழைத்துவிட்டால் கோடையில் விரல் நுழைகிற இடைவெளி வரும், அப்புறம் அதற்கு ஒரு பட்டை அடித்து ஒட்டுப்போட வேண்டும்.

மர இறுக்கத்தையும் மண் இறுக்கத்தையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. மரம் குறுக்குவாட்டில்தான் ஊதும், நீளவாட்டில் ஊதுவது கண்ணுக்கே தெரியாது. ஆகவே மரம் ஊதினால் கதவின் பக்கவாட்டு விளிம்பு மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி உரசும். சட்டமே கோணிக்கொண்டிருந்தால் ஒரு மூலையில் மட்டும் இடிக்கும், எதிர் மூலையில் வெளிச்சம் தெரியும். சந்தேகமாக இருந்தால் சட்டத்தில் மூலைக்கு மூலை குறுக்காக நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு குறுக்களவும் சமமாக இருக்க வேண்டும். கூடவே தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்துப் பாருங்கள். கட்டும்போதே கோணலாக வைத்த ஜன்னல்களும் உண்டு, அந்தப் பழியை மண்மேல் போடக்கூடாது.

சட்டம் கோணியிருக்கிறது, சாய்வு விரிசலும் இருக்கிறது. அடுத்ததாக, அது இன்னும் நகர்கிறதா, பழைய காயமா என்று தெரிய வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடிச் சில்லை இரண்டு ஓரமும் சிமெண்டு வைத்து ஒட்டுங்கள், பக்கத்தில் தேதி எழுதுங்கள். விரிசல் முடிகிற நுனியிலும் பென்சில் கோடு போட்டுத் தேதி போடுங்கள். சுவர் அசைந்தால் சில்லு உடையும். தை மாதம் ஒட்டினால் ஒரு கோடையும் ஒரு மழையும் முழுதாகக் கடந்து அடுத்த தையில் பார்க்க வேண்டும். "ஒரு வருஷமா?" என்று கேட்பீர்கள். கரிசல் ஒரு சுற்று ஏறி இறங்க ஒரு வருஷம் ஆகிறது, அதற்கு முன்னால் நாம் சொல்வதெல்லாம் ஊகம்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், நம் கோவில்பட்டியில் 50-ஐத் தாண்டியது. அதுபோன்ற மழைக்குப் பிறகு உள்ளே இறங்கிய ஈரம் வாரக் கணக்கில் மெதுவாக வேலை செய்யும். மழை விட்ட மறுநாள் ஜன்னலைத் திறந்து பார்த்து "ஒன்னும் ஆகல" என்று முடிவுகட்டுவதும் தவறு, அடுத்த மாதம் இறுகியதும் கழற்றி எறிவதும் தவறு.

மண்தான் காரணம் என்று உறுதியானால் செலவை வெளியே செய்யுங்கள். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுத் தளம், வெளிப்பக்கம் வாட்டம். கூரைத் தண்ணீர் குழாய் வழியாகத் தூரம் போக வேண்டும். குளியலறைத் தண்ணீரும் தொட்டி வழிசலும் சுவரோரம் தேங்கக்கூடாது. ரோஜாச் செடிக்குச் சுவரை ஒட்டிப் பாத்தி கட்டித் தினமும் நீர் விடுவதை நிறுத்துங்கள், அம்மாமார் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஈரம் ஒரே சீராக இருந்தால் மண் சும்மா இருக்கும். பல வீடுகளில் இதோடு நகர்வு அடங்கி, பழைய ஜன்னலே கொஞ்சம் சீவினால் போதும் என்ற நிலைக்கு வந்துவிடும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கரிசலில் ஈரம் ஏறி இறங்குகிற ஆழம் மூன்று, மூன்றரை மீட்டர்வரை போகும். மூன்றடிக் கடைக்கால் அந்த ஆட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே அடி பருத்த கான்கிரீட் தூண் முறையை வளர்த்தெடுத்தது. குழியைத் துளைத்து, கீழே தண்டைப்போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். ஆட்டம் இல்லாத ஆழத்தில் அந்தக் குமிழ் பிடித்துக்கொள்ளும். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஆர். கே. கட்டி வேறு வழி காட்டினார்: கரிசலுக்கு மேல் உப்பாத, ஆனால் ஒட்டும் தன்மையுள்ள மண்ணை ஒரு அடுக்காகக் கெட்டித்துப் போட்டு உப்பலை அடக்குவது. நம் பெரியவர்கள் செம்மண்ணும் சரளையும் வண்டி வண்டியாக அடித்து மேடு கட்டியது இதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. இது தனிப் பேச்சுக்கான விஷயம், இத்தோடு விடுகிறேன்.

சரி, மண்மேல் குற்றமில்லை, கெட்டது ஜன்னல்தான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. "வீடு முழுசுக்கும் எடுத்தா ரேட்டு குறையும்" என்பார்கள். ஆனால் வடகிழக்குப் பருவமழைச் சாரல் அடிக்கிற வடக்கு, கிழக்கு ஜன்னல்கள்தான் முதலில் இற்றுப்போகும். மேற்கு ஜன்னலுக்கு வெயிலும் ஆடிக்காற்றின் புழுதியும் எதிரி. தெற்கு ஜன்னல் பல வீடுகளில் போட்ட கருக்கு அழியாமல் இருக்கும். நல்லதைக் கழற்றிக் கொடுத்துச் சேமிக்கிற சேமிப்பு எனக்குப் புரிவதில்லை.

சட்டத்தின் அடிக்கட்டையில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். நுனி மட்டும் இறங்கினால் மரம் உயிரோடு இருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல் உள்ளே போனால் கரையானோ இற்றலோ வேலையை முடித்துவிட்டது. அடிக்கட்டை மட்டும் போயிருந்தால் அதை மட்டும் வெட்டி, நல்ல மரத்தைக் கூட்டுச்செருகி ஒட்ட ஆசாரிக்குத் தெரியும். அந்தக் கைவேலைக்குக் கூலி கொடுக்க நமக்குத்தான் மனசு வருவதில்லை. வேம்பும் தேக்கும் கரையானுக்குச் சுலபத்தில் மசியாது. கலப்பு மரமாக இருந்தால் கரையான் வழி எங்கிருந்து வருகிறது என்று தரைவரை தேடி அடைக்காமல் புதுச் சட்டம் வைப்பது அதற்குப் புதுத் தீனி வைப்பதுதான்.

தள்ளிப்போடக்கூடாத இடங்களும் உண்டு. பழைய ஓட்டு வீடுகளில் ஜன்னலுக்குமேல் கான்கிரீட் லிண்டல் இருக்காது, மரப்பலகைதான் சுவரைத் தாங்கும். அந்தப் பலகை கரையான் அரித்துத் தொய்ந்திருந்தால் அன்றைக்கே முட்டுக்கொடுங்கள். பல வருஷமாகச் சட்டமே சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும், ஜன்னலைக் கழற்றினால் மேற்சுவர் கையோடு வரும். கம்பி ஆடிக் கையோடு வருகிற ஜன்னலும், மாடியில் விரிசல் விட்ட கண்ணாடியும் இந்த வகைதான். இரும்பு ஜன்னலில் சுவருக்குள் புதைந்த பகுதி துருப்பிடித்தால் துரு பருத்துப் பூச்சைத் தள்ளும். வேம்பார் கடற்கரைப் பக்கம் உப்புக்காற்றில் இதை அதிகம் பார்க்கலாம், புதூரில் குறைவு.

பழைய சட்டத்தைச் சுரண்டிப் பெயிண்ட் அடிப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்குமேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் அமலுக்கு வந்தது. அதற்குமுன் அடித்த பச்சை, மஞ்சள் வண்ணங்களில் காரீயம் இருந்திருக்கலாம். உலர்ந்தபடி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூசு பிள்ளைகள் வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், பிள்ளைகளை அன்றைக்குப் பக்கத்து வீட்டில் விடுங்கள்.

இப்போது நான் ரொம்பச் சண்டை போடுகிற இடத்துக்கு வருகிறேன். மாற்றுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மரக்கதவு ஜன்னலை எடுத்துவிட்டுச் சறுக்குகிற கண்ணாடி ஜன்னல் வைக்கிறார்கள். பழைய நாலு கதவு ஜன்னலை நினைத்துப் பாருங்கள். நாலையும் திறந்தால் முழு ஓட்டையும் காற்றுக்கு. தெருவில் ஆள் நடமாட்டம் என்றால் கீழ் இரண்டையும் சாத்தி மேல் இரண்டைத் திறந்து வைக்கலாம். சறுக்கு ஜன்னலில் ஒரு கதவு இன்னொன்றின் பின்னால்தான் போய் நிற்கும். எப்படித் தள்ளினாலும் பாதி ஓட்டைதான். பணத்தைக் கொடுத்துப் பாதிக் காற்றை விற்றுவிட்டு வருகிறோம்.

நான் சொல்வதை விடுங்கள், அரசுக் கணக்கைப் பாருங்கள். மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீட்டுக் கட்டட விதித்தொகுப்பில், நம் வட்டாரமும் அடங்குகிற வெப்ப-ஈர மண்டலத்துக்குத் தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு அளவுக்கு, திறக்கக்கூடிய பரப்பு இருக்க வேண்டும் என்று இருக்கிறது. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் 120 சதுர அடி. காற்று வர 20 சதுர அடி வேண்டும். நாலுக்கு நாலடி ஜன்னல் ஒன்று முழுக்கத் திறந்தால் 16, சறுக்கு ஜன்னலாக மாற்றினால் எட்டு. மிச்சத்துக்கு ஏ.சி. வாங்குகிறோம்.

யுபிவிசி என்கிற பிளாஸ்டிக் சட்டமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கரையான் தொடாது, பெயிண்ட் வேண்டாம், அலுமினியத்தைப்போல் சூட்டைக் கடத்தாது. கீல் வைத்துத் திறக்கிற வகையில் கேட்டு வாங்குங்கள், செலவு கொஞ்சம் கூடும். சட்டத்துக்குள் இரும்பு வலுவூட்டல் இருக்கிறதா என்று துண்டை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அது வெயிலில் நீள்கிற பொருள்: ஒன்றரை மீட்டர் சட்டம் 30 டிகிரி சூடேறினால் மூன்று மில்லிமீட்டர் நீளும், அலுமினியம் ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் சுவரோடு இறுக்கி வைக்காமல் சுற்றிலும் ஐந்து மில்லி இடம் விட்டு, நுரையும் சிலிகானும் போட வேண்டும். கரிசல்காரர்களுக்கு அந்த இடைவெளி இன்னொரு உபகாரம், சுவரின் சின்ன அசைவைச் சட்டத்துக்குக் கொண்டுபோகாது. சிமெண்டு வைத்து அடைத்துவிட்டுப் போகிற ஆளை அப்படியே நிறுத்திப் பிரிக்கச் சொல்லுங்கள்.

சறுக்கு ஜன்னல் ஏற்கெனவே வைத்தவர்கள் அடிச்சட்டத்தில் தண்ணீர் வடிய வைத்த சின்னத் துளைகளைப் பாருங்கள். ஆடிப் புழுதி அதில் போய்க் கட்டியாகி நிற்கும். ஐப்பசி மழையில் அந்தக் காடி நிரம்பி அறைக்குள் வழியும். "ஜன்னல் ஒழுகுது, மாத்தணும்" என்று சொல்லி வந்த வீட்டில் துடைப்பக் குச்சியால் குத்தியதும் பிரச்சினை தீர்ந்திருக்கிறது. புரட்டாசி பாதியில் ஒருதரம் குத்திவிட்டால் போதும்.

கண்ணாடிக்கும் ஒரு சொல். இரட்டைக் கண்ணாடி போட்டால் வீடு குளிரும் என்கிறார்கள். உள்ளே வருகிற சூட்டில் பெரும்பங்கு நேர் வெயில். அதை வெளியிலேயே மறித்தால்தான் குறையும். நம் ஊர் இருக்கிற அட்சரேகைக்குச் சித்திரை பிறக்கும்போது சூரியன் உச்சிக்கு வரும், ஆவணிப் பாதிவரை வடக்கே சாய்ந்துதான் நடக்கும். அந்த நாலரை மாதம் வடக்கு ஜன்னலுக்கும் வெயில் உண்டு என்பதை மறந்துவிடுகிறோம். சன்ஷேடை ஒன்றரை அடியில் நிறுத்தாமல் இரண்டடி இழுத்தாலோ, மேற்கு ஜன்னலுக்கு வெளியே ஒரு தட்டியைத் தொங்கவிட்டாலோ கண்ணாடிக்குக் கொடுக்கிற காசு மிஞ்சும்.

கழற்றுகிற பழசைப் பற்றியும் ஒரு வார்த்தை. இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன் 'கதவு' என்று ஒரு கதை எழுதினார். தீர்வை கட்டாத வீட்டின் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு பழங்கதவு போனால் வீட்டுக்குள் என்னவெல்லாம் நுழையும் என்று அதைப் படித்தவர்களுக்குத் தெரியும். இன்றைக்கு யாரும் ஜப்தி செய்யாமலே நாமே கழற்றி எடைக்குப் போடுகிறோம். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்கு ஜன்னல்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று. உங்கள் தாத்தா வைத்த ஜன்னல் தேக்கா என்று ஆசாரியிடம் கேட்காமல் இரும்புக்கடை வண்டியில் ஏற்றாதீர்கள். சட்டம் போனாலும் கதவுப் பலகை நன்றாக இருக்கும். அலமாரிக்கு ஆகும், மாடிப்படிக் கதவுக்கு ஆகும்.

மாற்றுவதென்று முடிவாகிவிட்டால் தையில் அளவு கொடுங்கள். மழை ஈரம் வடிந்து, கோடைக் காய்ச்சல் தொடங்காத நேரம் அது, சுவர் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஒவ்வொரு ஓட்டைக்கும் அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில் அளக்கச் சொல்லி, குறைந்த அளவை எழுதிக்கொள்ளுங்கள். பங்குனிக்குள் பொருத்திவிட்டால் ஆடிக்காற்றுக்குமுன் சிலிகான் நன்றாகப் பிடித்திருக்கும். ஆளுக்கு ஒரு கணக்காக முன்பணம் கேட்பார்கள். பாதிக்குமேல் கொடுக்க வேண்டாம், மீதியை முதல் மழை கழிந்து கொடுப்பதாகத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துக்கொள்ளாத ஆளிடம் வேலை கொடுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். பின்வரிசையில் ஒரு தாயார் ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். கேளுங்கம்மா.